ஆண் மார்பகப் பெருக்கம்: காத்திருப்பதா, அறுவை சிகிச்சை செய்துகொள்வதா?

ஆணின் மார்பு பெண்ணின் மார்பகத்தைப் போலப் புடைத்துக் காணப்படும்போது, அறுவை சிகிச்சை செய்துகொள்வதா அல்லது தானாக வற்றும் என்று காத்திருப்பதா என்ற கேள்வியில் இரு வகையான தவறுகள் அடிக்கடி நிகழ்கின்றன. 14 வயதுப் பையனின் சட்டைக்குள் சிறிய மேடு தெரிந்த சில மாதங்களிலேயே பெற்றோர் பதறிப்போய் அறுவை சிகிச்சை நிபுணரை நாடுவது முதல் தவறு. 18 வயதில் வற்றாமல் நின்றுவிட்ட சுரப்பியை வைத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் எடை குறைந்தால் போய்விடும், இன்னும் ஆறு மாதம் நெஞ்சுப் பயிற்சி செய்தால் தட்டையாகிவிடும் என்று 30 வயது வரை தன்னையே வருத்திக்கொள்வது இரண்டாவது தவறு. முன்னவருக்குக் காலமே போதுமான மருந்தாக இருந்திருக்கும். பின்னவருக்கோ காலம் செய்யக்கூடியது எப்போதோ முடிந்துவிட்டது.

மார்பின் தோற்றத்தையோ அது தரும் கூச்சத்தையோ மட்டும் வைத்து இந்த முடிவை எடுக்க முடியாது என்பதே என் கருத்து. உள்ளே இருப்பது எந்தத் திசு, அது தோன்றி எத்தனை மாதங்கள் ஆயின, அதைத் தூண்டிய காரணம் இன்னும் உடலில் இருக்கிறதா என்ற மூன்றும் தெரிந்துவிட்டால் பெரும்பாலோருக்கு விடை தெளிவாகிவிடும். இம்மூன்றும் தெரியாத நிலையில் காத்திருப்பதும் வீண், கத்தி வைப்பதும் அவசரம்.

கையில் தட்டுப்படுவது என்ன

ஆணின் மார்பு பெரிதாகத் தெரிவதற்கு இரண்டு வேறுபட்ட காரணங்கள் உண்டு. ஒன்று, ஆண்களிடமும் பிறவியிலிருந்தே மிகச் சிறிய அளவில் இருக்கும் மார்பகச் சுரப்பித் திசு வளர்வது. மருத்துவர்கள் கைனகோமாஸ்டியா என்று சொல்வது இதைத்தான். மற்றொன்று, சுரப்பி வளராமல் கொழுப்பு மட்டும் சேர்வது. இதைப் போலி கைனகோமாஸ்டியா என்பார்கள். பலருக்கு இரண்டும் கலந்தே இருக்கும். வெளியிலிருந்து பார்க்கும்போது மூன்றும் ஒன்றுபோலத் தோன்றினாலும் சிகிச்சையைப் பொறுத்தவரை இவற்றுக்கிடையே உள்ள வேறுபாடு மிகப் பெரியது. கொழுப்பு, உடல் எடை குறையும்போது தானும் குறையும். சுரப்பி உணவுக் கட்டுப்பாட்டுக்கோ உடற்பயிற்சிக்கோ கட்டுப்படாது. நெஞ்சுத் தசையை வலுப்படுத்தும் பயிற்சிகள் சுரப்பிக்கு அடியில் இருக்கும் தசையைப் பெரிதாக்குவதால், ஒல்லியான உடல்வாகு உள்ளவர்களுக்கு அது முன்னைவிட எடுப்பாகக்கூடத் தெரியலாம்.

மருத்துவர் இதை வேறுபடுத்திப் பார்க்கும் முறை எளிமையானது. நோயாளியை மல்லாந்து படுக்க வைத்து, கைகளைத் தலைக்குப் பின்னால் கோத்துக்கொள்ளச் சொல்வார். பிறகு கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் மார்பின் இரு ஓரங்களிலும் வைத்து, முலைக்காம்பை நோக்கி மெதுவாக நெருக்கிக்கொண்டே வருவார். முலைக்காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்துக்கு நேர் கீழே ரப்பர் வில்லை போன்ற, ஓரம் தெரிகிற, சற்றே அசைகிற ஒரு தட்டு விரல்களுக்கிடையே சிக்கினால் அது சுரப்பி. விரல்கள் எந்தத் தடையும் இல்லாமல் மெத்தென்று முலைக்காம்பு வரை வந்து சேர்ந்தால் அது கொழுப்பு. சுரப்பி புதிதாக வளரும் நாட்களில் அந்தத் தட்டைத் தொட்டாலே வலிக்கும், சட்டை உரசினாலும் கூசும். இந்த வலியைப் பலர் அபாய அறிகுறி என்று நினைத்து அஞ்சுகிறார்கள். உண்மையில் திசு இன்னும் இளமையாக இருக்கிறது, வற்றக்கூடிய கட்டத்தில் இருக்கிறது என்பதற்கான அடையாளமாகவே அது பெரும்பாலும் அமைகிறது.

திசுவின் வயது

சுரப்பித் திசுவைத் தூண்டுவது ஈஸ்ட்ரோஜன் என்ற பெண்பால் ஹார்மோன். அத்திசுவை அடக்கி வைப்பது டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண்பால் ஹார்மோன். இரண்டும் எல்லா ஆண்களின் உடலிலும் உண்டு. ஈஸ்ட்ரோஜனின் கை ஓங்கினாலோ டெஸ்டோஸ்டிரோன் தளர்ந்தாலோ சுரப்பி வளரத் தொடங்குகிறது. முதல் சில மாதங்களில் பால் குழாய்களின் உட்புறச் செல்கள் பெருகுகின்றன, சுற்றியுள்ள இணைப்புத் திசு தளர்வாகவும் நீர்மை மிக்கதாகவும் இருக்கிறது. ஏறத்தாழ 6 மாதம் வரை நீடிக்கும் இந்தக் கட்டத்தில், தூண்டுதல் நின்றுபோனால் திசு பின்வாங்க வாய்ப்பு அதிகம். ஆனால் 12 மாதங்களைத் தாண்டிய பிறகு செல் பெருக்கம் ஓய்ந்து, அந்த இடத்தில் நார்த்திசு படிந்து இறுகிவிடுகிறது. வலி மறைந்துவிடும், மேடு மட்டும் அப்படியே நிற்கும். நார்த்திசுவாக இறுகிய பகுதி, ஹார்மோன் அளவுகள் முற்றிலும் சீரான பிறகும் கரைவதில்லை, மாத்திரைக்கும் இளகுவதில்லை.

இந்த ஒரு உண்மைதான் காலத்துக்கும் கத்திக்கும் இடையிலான எல்லைக்கோட்டை வகுக்கிறது. காத்திருப்பதற்குப் பலன் கிடைப்பது திசு இளமையாக இருக்கும்வரைதான். அறுவை சிகிச்சைக்கு நிலையான பலன் கிடைப்பது திசு வளர்ச்சி ஓய்ந்த பிறகுதான். பருவமடையும் வயதில் மட்டும் இந்தக் கணக்கைச் சற்றுத் தாராளமாக வைத்துக்கொள்ள வேண்டும்; அந்த வயதில் ஹார்மோன்கள் நிலைபெறவே இரண்டு ஆண்டுகள் வரை ஆகின்றன, அதுவரை சுரப்பி சுருங்கிக்கொண்டே வருவதும் உண்டு.

தூண்டுதல் விலகினால் காலம் தன் வேலையைச் செய்யும் என்பதற்கு வரலாற்றிலேயே ஒரு சான்று இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் பட்டினியால் மெலிந்து, விடுவிக்கப்பட்டபின் மீண்டும் நல்ல உணவு உண்ணத் தொடங்கிய போர்க்கைதிகள் பலருக்கு மார்பு வீங்கியது. பட்டினிக் காலத்தில் அடங்கிக் கிடந்த விரைகள் மீண்டும் இயங்கத் தொடங்கியபோது ஏற்பட்ட ஹார்மோன் தடுமாற்றமே அதற்குக் காரணம். ஒரு வகையில் அவர்களுடைய உடல் இரண்டாவது முறையாகப் பருவமடைந்தது. உடல் தேறிய பிறகு அந்த வீக்கம் பெரும்பாலும் தானாகவே அடங்கியது.

எந்த வயதில் தோன்றியது

பிறந்த குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்குத் தாயின் ஹார்மோன்களால் மார்பு சற்றே புடைத்திருக்கும். சில வாரங்களிலோ சில மாதங்களிலோ அது மறைந்துவிடும். அதைப் பிதுக்கக் கூடாது, பிதுக்கினால் சீழ் பிடிக்கும் என்பதைத் தவிர அங்கு முடிவெடுக்க ஒன்றுமில்லை.

பருவ வயதே இந்தக் கேள்வி மிகுதியாக எழும் காலம். பருவமடையும் சிறுவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு ஏதோ ஓர் அளவில் இது தோன்றுகிறது. 13, 14 வயதில் உச்சத்தை எட்டுகிறது. அந்த வயதில் ஈஸ்ட்ரோஜன் முதிர்ந்த ஆணுக்குரிய அளவை முதலில் எட்டிவிட, டெஸ்டோஸ்டிரோன் பின்னால் வந்து சேர்வதே காரணம். பின்தங்கியது முந்திக்கொண்டதும் சுரப்பி சுருங்குகிறது. 6 மாதம் முதல் 2 ஆண்டுக்குள் பெரும்பாலோருக்கு அது அடங்கிவிடும். 17 வயதைக் கடந்தும் எஞ்சி நிற்பது சிறு பங்கினருக்கே. ஆனாலும் எல்லாப் பையன்களுக்கும் ஒரே உறுதிமொழியைத் தந்துவிட முடியாது. சுரப்பியின் குறுக்களவு 4 சென்டிமீட்டரைத் தாண்டி, பருவப் பெண்ணின் மார்பகம் போன்ற வடிவத்தையே அடைந்துவிட்டால் அது முழுமையாக வற்றுவது அரிது. அப்படிப்பட்ட பையனிடம் எல்லாம் சரியாகிவிடும் என்று ஆண்டுக்கணக்கில் சொல்லிக்கொண்டிருப்பது நியாயமாகாது.

50 வயதுக்கு மேல் இது மீண்டும் தலைகாட்டுகிறது. முதுமையில் டெஸ்டோஸ்டிரோன் குறைகிறது. உடலில் கொழுப்பு கூடுகிறது. கொழுப்புத் திசுவில் இருக்கும் அரோமட்டேஸ் என்ற நொதி, இருக்கும் டெஸ்டோஸ்டிரோனையும் ஈஸ்ட்ரோஜனாக மாற்றிவிடுகிறது. இவற்றோடு அந்த வயதில் சேரும் மருந்துச் சீட்டுகளும் தம் பங்கைச் செய்கின்றன.

இரண்டு வழிக்கும் முன்னால் செய்ய வேண்டியது

காத்திருப்பதாக முடிவு செய்தாலும் அறுவைக்குப் போவதாக முடிவு செய்தாலும் காரணத்தைத் தேடுவதைத் தவிர்க்க முடியாது. குறிப்பாக, பருவ வயதைக் கடந்த ஒருவருக்குப் புதிதாக, வலியோடு, வேகமாக மார்பு வளரத் தொடங்கினால் அதைத் தோற்றப் பிரச்சினையாக மட்டும் எண்ணி ஒதுக்கிவிடக் கூடாது.

முதலில் கேட்க வேண்டியது மருந்துகளைப் பற்றி. இதய நோய்க்கும் கல்லீரல் நோய்க்கும் கொடுக்கப்படும் ஸ்பைரோனோலாக்டோன், பூஞ்சைத் தொற்றுக்கான கீட்டோகோனசோல், வயிற்றுப் புண்ணுக்கான சிமெட்டிடின், புராஸ்டேட் வீக்கத்துக்கும் முடி கொட்டுவதற்கும் தரப்படும் ஃபினாஸ்டிரைடு, மனநோய்க்கான ரிஸ்பெரிடோன், புராஸ்டேட் புற்றுநோய்க்கான பைகலுட்டமைடு ஆகியவை நன்கு அறியப்பட்டவை. உடற்கட்டுக்காக ஊசியாகவோ மாத்திரையாகவோ எடுத்துக்கொள்ளும், டெஸ்டோஸ்டிரோன் வகையைச் சேர்ந்த அனபாலிக் ஸ்டீராய்டுகளை இந்தப் பட்டியலின் உச்சியில் வைக்க வேண்டும். வெளியிலிருந்து வரும் மிகை டெஸ்டோஸ்டிரோனை உடல் ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது, மருந்தை நிறுத்தியதும் சொந்த டெஸ்டோஸ்டிரோன் சுரப்பு முடங்கிக் கிடப்பதால் இரண்டாவது அடியும் விழுகிறது. இதை மருத்துவரிடம் மறைப்பவர்கள் பலர். மறைத்தால் பரிசோதனை முடிவுகள் புரியாமல் போகும், சிகிச்சையும் தடம் மாறிப்போகும். மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்தைத் தாமாக நிறுத்துவதும் ஆபத்தே. ஸ்பைரோனோலாக்டோனுக்குப் பதிலாக எப்ளிரெனோன் தருவது போன்ற மாற்றங்களை அதை எழுதிய மருத்துவரே செய்ய வேண்டும்.

அடுத்து உடல்நோய்கள். கல்லீரல் சுருக்க நோய், டயாலிசிஸ் வரை சென்ற சிறுநீரகச் செயலிழப்பு, தைராய்டு மிகைச் சுரப்பு, விரைகளின் செயல்குறைவு ஆகியவை மார்பில் வந்து தெரியக்கூடும். ஏறத்தாழ 600 ஆண்களில் ஒருவருக்கு ஒரு எக்ஸ் குரோமோசோம் கூடுதலாக இருக்கும் கிளைன்ஃபெல்ட்டர் நிலை உண்டு. நல்ல உயரம், சிறுத்து இறுகிய விரைகள், பெருத்த மார்பு ஆகியவை அதைக் காட்டிக்கொடுக்கலாம். அரிதாக, விரையில் தோன்றும் கட்டி மார்பு வீக்கத்தின் வழியாகத்தான் முதலில் தெரியவரும். ஆகவே மார்பைச் சோதிக்கும் மருத்துவர் விரைகளையும் சோதிக்க வேண்டும். சோதிக்கவில்லை என்றால் நோயாளி தயங்காமல் கேட்க வேண்டும். டெஸ்டோஸ்டிரோன், ஈஸ்ட்ரோஜனின் முதன்மை வடிவமான எஸ்ட்ராடையால், விரைகளை இயக்கும் எல்எச், எஃப்எஸ்எச் ஹார்மோன்கள், சில விரைக் கட்டிகள் சுரக்கும் எச்சிஜி, பால் சுரப்பைத் தூண்டும் புரோலாக்டின், தைராய்டு, கல்லீரல், சிறுநீரகம் ஆகியவற்றுக்கான இரத்தப் பரிசோதனைகளில் எவை தேவை என்பது வயதையும் அறிகுறிகளையும் பொறுத்தது. வழக்கமான பருவ வீக்கம் உள்ள, மற்றபடி ஆரோக்கியமான 14 வயதுப் பையனுக்கு உடல் பரிசோதனையே பெரும்பாலும் போதும். டெஸ்டோஸ்டிரோனை மட்டும் காலையில் பார்க்க வேண்டும், பகல் ஏற ஏற அதன் அளவு இறங்கும்.

புற்றுநோய் பற்றிய அச்சத்துக்கும் இங்கேயே விடை சொல்லிவிடலாம். மார்பகப் புற்றுநோயில் ஆண்களின் பங்கு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. ஆனால் கட்டி முலைக்காம்புக்கு அடியில் இல்லாமல் ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தாலோ, கல் போல இறுகி அசையாமல் இருந்தாலோ, முலைக்காம்பு உள்ளிழுத்துக்கொண்டாலோ, இரத்தம் கலந்த நீர் கசிந்தாலோ, தோல் சுருங்கிக் குழி விழுந்தாலோ, அக்குளில் நெறி கட்டினாலோ, காலமா கத்தியா என்ற கேள்வியையே ஒதுக்கிவைத்துவிட்டு உடனே மாமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) அல்லது அல்ட்ராசவுண்ட், தேவைப்பட்டால் பயாப்சி (சிறிதளவு திசுவை எடுத்துச் சோதிப்பது) என்று போக வேண்டும். கிளைன்ஃபெல்ட்டர் நிலை உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து மற்ற ஆண்களைவிடப் பல மடங்கு அதிகம் என்பதால் அவர்கள் கூடுதல் விழிப்போடு இருக்க வேண்டும்.

காத்திருப்பது எப்படி

காத்திருப்பது என்றால் மறந்துவிட்டிருப்பது என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். மருத்துவத்தில் அதற்கு ஒரு முறை இருக்கிறது. முதல் நாளிலேயே தட்டின் குறுக்களவை அளந்து எழுதி வைக்க வேண்டும். 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை மீண்டும் அளக்க வேண்டும். வலி கூடுகிறதா குறைகிறதா, மேடு இறுகுகிறதா இளகுகிறதா என்று பார்க்க வேண்டும். எந்த மாதத்தில் இந்தக் காத்திருப்பை முடித்துக்கொண்டு அடுத்த முடிவை எடுப்பது என்று தொடக்கத்திலேயே மருத்துவரோடு பேசி வைத்துக்கொள்ள வேண்டும். அளவும் தேதியும் இல்லாத காத்திருப்பு, ஆண்டுகளைத் தின்றுவிடும்.

எடை மிகுந்தவர்களுக்கு இந்த இடைவெளி மிகவும் பயனுள்ளது. எடை குறையும்போது கொழுப்பு குறைகிறது. அரோமட்டேஸ் குறைவதால் ஈஸ்ட்ரோஜனும் குறைகிறது. சுரப்பியின் உண்மையான அளவும் அப்போதுதான் தெளிவாகத் தெரிகிறது. எடை நிலைபெறும் முன் அறுவை செய்துகொண்டவர், பின்னர் 15 கிலோ குறைந்தாலும் கூடினாலும் மார்பின் வடிவம் மாறிப்போய் வருந்த நேரும்.

காத்திருப்பதற்கும் ஒரு விலை உண்டு என்பதை மருத்துவர்களும் பெற்றோரும் போதிய அளவு கணக்கில் எடுப்பதில்லை என்பது என் வருத்தம். கடும் வெயிலிலும் பனியனுக்கு மேல் பனியன் அணியும் பையன், தோள்களை முன்னே வளைத்துக் கூனியபடியே நடக்கப் பழகுகிறான். நீச்சல் வகுப்பு உள்ள நாளில் அவனுக்குத் தவறாமல் வயிறு வலிக்கிறது. விளையாட்டுக் குழுவிலிருந்து விலகிவிட்டு அதற்கு வேறு காரணம் சொல்கிறான். இதையெல்லாம் வெறும் கூச்சம் என்று தள்ளிவிடுவது கொடுமை. அவனுக்கு முதலில் வேண்டியது, இது பாதிப் பையன்களுக்கு வருவது, இதனால் ஆண்மைக்கு எந்தக் குறையும் இல்லை, பெரும்பாலும் வற்றிவிடும், வற்றாவிட்டால் தீர்க்க வழி இருக்கிறது என்று ஒருவர் அவனிடம் நேராக உட்கார்ந்து சொல்வது. கேலி வதையாக மாறினாலோ, பள்ளிக்கே போக மறுத்தாலோ, சாப்பாடும் தூக்கமும் கெட்டாலோ மனநல ஆலோசனையைக் காத்திருப்பின் ஒரு பகுதியாகவே சேர்த்துவிட வேண்டும்.

இடையில் ஒரு வழி: மாத்திரை

காலத்துக்கும் கத்திக்கும் நடுவில் மாத்திரை சிகிச்சை ஒன்று உண்டு. அதன் எல்லை குறுகியது. மார்பகத்தில் ஈஸ்ட்ரோஜனின் செயலைத் தடுக்கும் டாமாக்ஸிஃபென், நாளொன்றுக்கு 10 முதல் 20 மில்லிகிராம் என்ற அளவில் சில மாதங்களுக்கு, புதிதாகத் தோன்றி வலி தரும் வீக்கத்துக்குச் சில நிபுணர்கள் தருகிறார்கள். வலி குறைவதில் நல்ல பலன் தெரிகிறது. அளவும் ஓரளவு குறையலாம். ஆனால் இந்தப் பயன்பாடு மருந்தின் அங்கீகரிக்கப்பட்ட பயன்பாடுகளில் சேராதது. இரத்தக் கட்டி உருவாகும் ஆபத்து போன்ற பக்க விளைவுகளும் அதற்கு உண்டு. இத்தகைய மருந்துகளை எல்லோருக்கும் பொதுவாகத் தருவதை ஐரோப்பிய ஆண்நல மருத்துவக் கழகத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள் பரிந்துரைக்கவில்லை. அரோமட்டேஸைத் தடுக்கும் அனஸ்ட்ரசோல் பருவ வீக்கத்தில் மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைவிட மேலான பலன் எதையும் காட்டவில்லை. டெஸ்டோஸ்டிரோன், அந்த ஹார்மோன் உண்மையிலேயே குறைந்திருப்பது பரிசோதனையில் உறுதியானவர்களுக்கு மட்டும். மற்றவர்களுக்குத் தந்தால் அதுவே ஈஸ்ட்ரோஜனாக மாறி வீக்கத்தைக் கூட்டலாம்.

மாத்திரை மிகத் தெளிவாகப் பயன்படும் இடம் ஒன்று இருக்கிறது. புராஸ்டேட் புற்றுநோய்க்குப் பைகலுட்டமைடை மட்டும் தனியாக அதிக அளவில் எடுத்துக்கொள்பவர்களில் பெரும்பாலோருக்கு மார்பு வீங்கி வலிக்கும். அவர்களுக்கு முன்கூட்டியே டாமாக்ஸிஃபென் தருவதோ மார்பில் குறைந்த அளவு கதிர்வீச்சு தருவதோ வீக்கத்தைத் தடுக்க உதவுகிறது. வீங்கி இறுகிய பிறகு இவற்றால் பெரிய பயன் இல்லை.

அறுவை சிகிச்சை என்ன செய்கிறது

இது புதிய சிகிச்சை என்று எண்ண வேண்டியதில்லை. 7ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த, ஏஜினா தீவைச் சேர்ந்த பால் (Paul) என்ற கிரேக்க மருத்துவர், மார்பின் கீழ்ப்புறத்தில் பிறை வடிவில் கீறி, உள்ளிருப்பதை அகற்றித் தைக்கும் முறையை எழுதி வைத்திருக்கிறார். 1946இல் வெப்ஸ்டர் என்ற அறுவை மருத்துவர், கருவட்டத்தின் கீழ் விளிம்பை ஒட்டியே அரைவட்டமாகக் கீறும் முறையை விவரித்தார். நிறம் மாறும் கோட்டிலேயே தழும்பு மறைந்துவிடுவதால் அதன் அடிப்படை இன்றும் பின்பற்றப்படுகிறது.

இன்று பெரும்பாலும் இரண்டு செயல்கள் ஒரே அமர்வில் சேர்த்துச் செய்யப்படுகின்றன. முதலில், மரத்துப்போகச் செய்யும் மருந்தும் இரத்தக் கசிவைக் குறைக்கும் அட்ரினலினும் கலந்த உப்புநீரை மார்புக்குள் செலுத்தி, சிறு துளை வழியாக மெல்லிய குழாயை நுழைத்துக் கொழுப்பை உறிஞ்சி எடுப்பார்கள்; இதுவே லைப்போசக்ஷன். சுரப்பித் தட்டு நாராக இறுகியிருப்பதால் அது குழாய்க்குள் வராது. கருவட்டத்தின் ஓரக் கீறல் வழியாக அதைத் தனியே வெட்டி எடுக்க வேண்டும். அப்படி எடுக்கும்போது முலைக்காம்புக்கு நேர் கீழே ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் கனத்துக்குத் திசுவை விட்டுவைப்பதில்தான் மருத்துவரின் கைத்திறன் தெரியும். முழுவதையும் சுரண்டி எடுத்துவிட்டால் முலைக்காம்பு தட்டு போல உள்ளே அமிழ்ந்து குழி விழும். அதைச் சரிசெய்வது முதல் அறுவையைவிடக் கடினம். கொழுப்பை மட்டும் உறிஞ்சிவிட்டுச் சுரப்பியைத் தொடாமல் விட்டால், சுற்றியுள்ள பகுதி தட்டையாகி நடுவில் மேடு மட்டும் கூர்மையாகத் துருத்திக்கொண்டிருக்கும். இரண்டாவது அறுவைக்கு வருவோரில் பலர் இந்த இரண்டில் ஒன்றால் வருபவர்கள்.

எவ்வளவு பெரிய அறுவை என்பதைத் தோல் தீர்மானிக்கிறது. 1973இல் சைமன் வகுத்த பிரிவுகளின்படி, சிறிய வீக்கம் முதல் நிலை. தோல் தொங்காத நடுத்தர வீக்கமும், தோல் சற்றே மிகுந்த நடுத்தர வீக்கமும் இரண்டாம் நிலையின் இரு பகுதிகள். தோல் தொங்கும் பெரிய வீக்கம் மூன்றாம் நிலை. முதல் இரண்டுக்கும் ஓரக் கீறல் போதும், தோல் தானே சுருங்கிக்கொள்ளும். மூன்றாம் நிலையில் உபரித் தோலையும் அகற்றி முலைக்காம்பை மேலே நகர்த்திப் பொருத்த வேண்டியிருப்பதால் நீண்ட தழும்புகள் எஞ்சும். தழும்பைப் பற்றிப் பேசாமல் தட்டையான மார்பை மட்டும் படத்தில் காட்டும் ஆலோசனையை நம்பக் கூடாது.

சிறிய, நடுத்தர வீக்கங்களுக்குப் பெரும்பாலும் அன்றே வீடு திரும்பிவிடலாம். மேசை வேலைக்குச் சில நாட்களில் போகலாம். மார்பை இறுக்கிப் பிடிக்கும் அழுத்த உடையை 4 முதல் 6 வாரங்கள் வரை அணிய வேண்டும். பாரம் தூக்குவதும் கடும் பயிற்சியும் அதுவரை கூடாது. வீக்கம் முழுதும் வடிந்து இறுதி வடிவம் தெரிய 3 முதல் 6 மாதம் ஆகும், தழும்பு வெளிற ஓராண்டு வரை ஆகலாம். முதல் நாளில் அஞ்ச வேண்டியது உள்ளே இரத்தம் கட்டுவது: ஒரு பக்கம் மட்டும் திடீரென்று இறுகிப் புடைத்து வலித்தால் இரவானாலும் மருத்துவரை அழைக்க வேண்டும். நீர் கோத்தல், தொற்று, இரு பக்கமும் ஒத்துவராமை, முலைக்காம்பில் உணர்ச்சி குறைதல் ஆகியவையும் நேரலாம். உணர்ச்சி பெரும்பாலும் சில மாதங்களில் திரும்பும், சிலருக்கு முழுமையாகத் திரும்பாது. புகைபிடிப்பவர்களுக்கு முலைக்காம்பின் இரத்த ஓட்டம் குறைந்து ஆறுவது சிக்கலாகும் என்பதால் சில வாரங்களுக்கு முன்பே நிறுத்தச் சொல்வார்கள். எடுத்த திசுவை நோயியல் பரிசோதனைக்கு அனுப்புவதும் விட்டுவிடக் கூடாத ஒன்று.

எந்த நிலையில் எது

எட்டு மாதமாக இரு பக்கமும் சிறு வில்லையளவு தட்டு, தொட்டால் வலி, மற்றபடி நலமான 14 வயதுப் பையன்: காத்திருக்கலாம். இங்கே அறுவை செய்வது, வற்றப்போவதை வெட்டுவதோடு, இன்னும் ஓயாத ஹார்மோன்கள் எஞ்சிய திசுவை மீண்டும் வளர்த்துவிடும் வாய்ப்பையும் ஏற்பதாகும். அதே பையனுக்கு 18 வயதாகி, ஓராண்டாக அளவு மாறாமல் நின்றுவிட்டால், காத்திருக்கச் சொல்வதற்குக் காரணம் எதுவும் மிஞ்சவில்லை. அவன் விரும்பினால் அறுவையே தீர்வு.

இவ்விருவருக்கும் நடுவில் நிற்கும் 16 வயதுப் பையனே கடினமான கேள்வி. மூன்று ஆண்டுகளாக 4 சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்து நிற்கும் மார்பு, ஹார்மோன் பரிசோதனைகளில் குறை எதுவும் இல்லை, ஆனால் பள்ளி வாழ்க்கையே முடங்கிவிட்டது. 18 ஆகட்டும் என்ற பொதுவிதியை இவனிடம் கண்ணை மூடிக்கொண்டு திணிக்கக் கூடாது என்றே நினைக்கிறேன். பருவ வளர்ச்சி பெரும்பாலும் முடிந்து, ஓராண்டாக அளவு நிலைத்திருந்தால், பிற்காலத்தில் சிறு திருத்தம் தேவைப்படலாம் என்பதைத் தெரிந்துகொண்டு முன்கூட்டியே அறுவை செய்துகொள்வது பொருத்தமான முடிவாக இருக்கக்கூடும். ஆனால் அந்த முடிவில் பெற்றோரின் அவசரத்தைவிட அவனுடைய விருப்பம் முன்னிற்க வேண்டும்.

ஸ்டீராய்டு எடுத்த 24 வயது இளைஞருக்கு முதல் சிகிச்சை அதை நிறுத்துவதே. வீக்கம் தோன்றிச் சில மாதங்களே ஆகியிருந்தால் அதுவே பின்வாங்கலாம், மாத்திரையும் உதவலாம். ஓராண்டு கடந்து இறுகிவிட்டால் அறுவைதான். ஆனால் மீண்டும் ஊசிக்குத் திரும்பினால் விட்டுவைத்த அந்த 1 சென்டிமீட்டர் திசுவிலிருந்தே மீண்டும் வளரும். மெத்தென்ற கொழுப்பு மட்டும் உள்ள 35 வயதுப் பருமனானவர் முதலில் எடையைக் குறைத்து, அது நிலைத்த பிறகு எஞ்சியதைப் பார்க்க வேண்டும். ஸ்பைரோனோலாக்டோன் தொடங்கிய நான்காம் மாதத்தில் வலியோடு மார்பு வீங்கிய 65 வயதுக்காரருக்கு மருந்தை மாற்றுவதும் சில மாதங்கள் பொறுத்துப் பார்ப்பதுமே போதும்.

அறுவையைத் தேர்ந்தவர்கள், சுரப்பியை வெட்டி எடுக்கப்போகிறீர்களா அல்லது கொழுப்பை மட்டும் உறிஞ்சப்போகிறீர்களா, தழும்பு எங்கே எவ்வளவு நீளத்தில் வரும், குழி விழுந்தாலோ ஒரு பக்கம் மேடு எஞ்சினாலோ திருத்த அறுவையை யார் செலவில் செய்வீர்கள் என்று மருத்துவரிடம் முன்னதாகவே கேட்டுவிட வேண்டும். மருத்துவக் காப்பீடு இதை அழகு சிகிச்சை என்று மறுப்பது சாதாரணம் என்பதால், பரிசோதனை முடிவுகளையும் காத்திருந்த காலத்தில் எடுத்த அளவுகளையும் பத்திரமாக வைத்திருப்பது நல்லது.

இரண்டையும் தேர்ந்தெடுக்காமல் இருப்பதும் ஒரு தேர்வுதான் என்பதைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. பல ஆண்டுகளாக மாறாமல் இருக்கும், வலிக்காத, காரணங்கள் ஆராயப்பட்டுத் தீங்கில்லை என்று உறுதியான மார்பகப் பெருக்கம் புற்றுநோயாக மாறும் நிலை என்று கருதப்படுவதில்லை. அது தன்னை உறுத்தவில்லை என்று சொல்லும் ஒருவருக்கு மாத்திரையும் தேவையில்லை, கத்தியும் தேவையில்லை. ஒரு பக்கம் மட்டும் புதிதாக வளர்ந்தாலோ, இறுகிய கட்டி தட்டுப்பட்டாலோ, முலைக்காம்பில் கசிவு தெரிந்தாலோ மட்டும் அவர் மீண்டும் மருத்துவரிடம் வர வேண்டும்.